பக்கத்து இருக்கையாளர்

"வேகமான பழைய வண்டி வாங்கப் போறேன்னா ஒண்ணு சொல்றேன், காதுல வாங்கிக்க" என்றார் கிரேன் டிரைவர். "விக்கிறவன் வீட்டுக்குச் சொல்லாமக் கொள்ளாமப் போ. போனதும் பேனட்டு மேல கைய வை. சூடா இருந்துச்சா, செருப்ப மாட்டிக்கிட்டுத் திரும்பி வந்துடு. நீ வர்றதுக்கு முன்னாடியே ஓட்டித் தயார் பண்ணி வச்சிருக்கான்னு அர்த்தம். ஜில்லுன்னு கெடக்கிற இன்ஜினத்தான் ஸ்டார்ட் பண்ணிப் பாக்கணும். அப்பத்தான் அதுக்கு என்ன நோவுன்னு தெரியும்."

"சரி."

"அப்பறம் புகை. நீலமா வந்தா ஆயில் குடிக்குது. வெள்ளையா நிக்காம வந்தா தண்ணி உள்ள போகுது."

"புகையே வரலைன்னா?"

"இன்னும் ஸ்டார்ட்டே ஆகலைன்னு அர்த்தம்யா."

கேட்டுக்கொண்டிருந்தவர் வெல்டர். பாய்லர் செய்யும் பட்டறையில் இருபத்தாறு வருடமாக இரும்போடு இரும்பை ஒட்டிக்கொண்டிருப்பவர். காலையில் முகமூடியைக் கவிழ்த்தால் மத்தியானம்தான் தூக்குவார். முகமூடிக்குள் இருப்பவனை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, சத்தத்தில் கேட்காது. தோளில் தட்டுவார்கள். வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் அங்கே தட்டவும் ஆளில்லை. மனைவி செத்து மூன்று வருடமாகிறது. ஒரே மகள், அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால், ஓர் ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் இருக்கிறாள்.

அந்த அறுநூறு கிலோமீட்டர்தான் விஷயம். ஐம்பத்து மூன்று வயது மனிதர் ரேஸ் வண்டிக்கு ஆசைப்பட்டதற்கு வேறு காரணம் கிடையாது. ஒருநாள் சாப்பாட்டு வேளையில் அவர் ஒரு தகட்டின் மேல் சாக்பீஸால் எழுதிப் பார்த்தார். வாரத்துக்கு லீவு ஒரு நாள், அதாவது இருபத்து நாலு மணி நேரம். பஸ்ஸில் போக பதினொன்று, வர பதினொன்று. மிச்சம் இரண்டு. மூன்று வருடமாக முகம் கொடுத்துப் பேசாத மகளிடம் இரண்டு மணி நேரத்தில் என்ன பேசிவிட முடியும்? தொண்டையைச் செருமிக்கொள்ளவே ஒன்றரை மணி நேரம் ஆகும். வேகமான வண்டி இருந்தால் போக ஐந்து, வர ஐந்து. மிச்சம் பதினாலு மணி நேரம்! அந்தப் பதினாலைச் சுற்றி அவர் ஒரு வட்டம் போட்டார். மத்தியானத்துக்கு மேல் அந்தத் தகடு பாய்லருக்குள் போய்விட்டது.

வண்டி ஒரு பல் டாக்டர் வீட்டில் இருந்தது. சாம்பல் நிறம், இரண்டே சீட்டு, தரையோடு தரையாகப் படுத்திருக்கும் ஜாதி. முந்நூறு குதிரைசக்தி, பதினோரு வயது. வெல்டர் சொல்லாமக் கொள்ளாமப் போனார். பேனட்டின் மேல் கை வைத்தார். ஜில்லென்று இருந்தது. மனசும் ஜில்லென்று ஆனது.

"ஐயையோ, கைய எடுங்க!" என்று பல் டாக்டர் உள்ளேயிருந்து ஓடி வந்தார். "வாங்கறவர் தொடக் கூடாதுங்க. தெரிஞ்சா எனக்கு நோட்டீஸ் வரும். வாரியம்தான் தொடணும்."

அப்போதுதான் வெல்டருக்கு வாரியம் என்று ஒன்று இருப்பது தெரிந்தது. 'பழைய அதிவேக வாகனங்கள் வாங்குமுன் ஆய்வு வாரியம்' என்பது முழுப் பெயர். இருநூறு குதிரைசக்திக்கு மேற்பட்ட எந்தப் பழைய வண்டியையும் வாரியத்தின் சான்று இல்லாமல் வாங்கக் கூடாது. வாங்குகிறவர் பேனட்டைத் திறந்து பார்த்தால் அது 'தகுதியற்ற பார்வை' என்ற குற்றம். படுத்துக்கொண்டு அடியில் பார்த்தால் தண்டனை இரட்டிப்பு.

அடுத்த லீவு நாள் வெல்டர் வாரியத்துக்குப் போனார். நீளமான நடை, தரையில் திருகி வைத்த பெஞ்சுகள், ஓடாத கடிகாரம். சுவரில், 'நிதானம் எங்களுடையது, வேகம் உங்களுடையது' என்று கொட்டை எழுத்து. ஜன்னலுக்குப் பின்னால் பரிசோதகர் உட்கார்ந்திருந்தார். ஒல்லி ஆள். சட்டைப் பையில் நாலு பேனா இருந்தன. நாலும் மூடி இல்லாதவை.

"விண்ணப்பதாரர் வரலாம்."

வெல்டர் திரும்பிப் பார்த்தார். பின்னால் யாருமில்லை.

"நீங்கதான் சார்."

விண்ணப்பதாரர். நல்ல கம்பீரமான பேராகத்தான் இருந்தது. பரிசோதகர் படிவத்தை விரித்துக் கேள்வி கேட்க ஆரம்பித்தார். தூக்கம் எப்படி, இடது காது கேட்குமா, கோபம் வந்தால் என்ன செய்வீர்கள், கடைசியாக எப்போது சிரித்தீர்கள். நாற்பத்தெட்டுக் கேள்விகள். மூன்று வருடத்தில் வெல்டரிடம் இத்தனை கேள்வி கேட்ட மனிதர் யாருமில்லை. அவர் பொறுமையாக, யோசித்து யோசித்துப் பதில் சொன்னார். முடிந்துவிட்டதே என்றுகூட இருந்தது.

"வண்டியப் பத்தி ஒண்ணும் கேக்கலையே சார்?"

"அது அடுத்த வாரம். வண்டிய உள்ள கொண்டு வந்து நிறுத்துங்க. ஆனா கேட்டுக்கு வெளியவே இன்ஜின அணைச்சிடணும். வளாகத்துக்குள்ள ஸ்டார்ட் பண்ணக் கூடாது. சத்தம் தடை."

"ஸ்டார்ட் பண்ணாம எப்படிப் பாப்பீங்க? ஜில்லுன்னு இருக்கிற இன்ஜின ஸ்டார்ட் பண்ணி, புகை என்ன கலருன்னு..."

"வெளிய ஸ்டார்ட் பண்ணலாம்."

"அப்ப வெளிய வச்சே பாத்துடலாமே."

"வெளிய எங்களுக்கு அதிகாரம் இல்ல."

ஆக, அடுத்த லீவு நாளில் பல் டாக்டர் ஸ்டீரிங்கைப் பிடிக்க, வெல்டர் பின்னாலிருந்து தள்ளி, வண்டி வாரியத்துக்குள் போய்ச் சேர்ந்தது. ஒரு தகரக் கூரையின் கீழ் அதை நிறுத்தி நாலு பக்கமும் கயிறு கட்டினார்கள். மொத்தம் இருநூற்றுப் பதினாலு கட்டங்கள் கொண்ட படிவம். அன்றைக்கு அறுபது கட்டம் முடிந்தது. வண்டியின் நிறத்துக்குப் பெயர் வைப்பதிலேயே முற்பகல் போனது. 'சாம்பல்' என்று எழுத முடியாது. சாம்பல் என்றால் எரிந்தது, எரிந்த வண்டிக்கு வேறு படிவம். கடைசியில் 'நிறம் உண்டு' என்று எழுதினார்கள்.

ஐம்பத்தேழாவது கட்டம் ஹாரன்.

"சத்தம் தடைங்கறதால அடிக்க முடியாது" என்றார் பரிசோதகர். "விக்கறவர் வாயால செஞ்சு காட்டணும்."

பல் டாக்டர் அக்கம் பக்கம் பார்த்தார். மெல்ல, "பீப்" என்றார்.

"அவ்வளவுதானா?"

"இல்லீங்க, நல்லா கணீர்னு இருக்கும்."

"அப்ப கணீர்னு செய்யுங்க. பொய்த் தகவல் குடுத்தா ஆறு மாசம்."

பல் டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு, "பாஆஆஆம்!" என்று கத்தினார். நடையில் உட்கார்ந்திருந்த நாலைந்து விண்ணப்பதாரர்கள் எழுந்து ஒதுங்கி வழிவிட்டார்கள். பரிசோதகர் 'திருப்தி' என்று எழுதினார். பிறகு சத்தம் போட்டதற்காகப் பல் டாக்டருக்கு அபராதச் சீட்டு கிழித்துக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் வெல்டர் வீட்டுக்கு வந்து, ஒரு தட்டைக் கழுவி, அதில் சாப்பிட்டு, அதையே திரும்பக் கழுவி வைத்தார். பஸ்ஸில் போயிருந்தால்கூட இந்நேரம் இரண்டு மணி நேரமாவது மகளைப் பார்த்திருக்கலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. கையிலிருந்த ஈரத்தோடு சேர்த்து அதையும் சட்டையில் துடைத்தார்.

மூன்றாவது வாரம் வேகச் சோதனை. ஸ்டார்ட் பண்ணாமல் வேகத்தை எப்படிப் பார்ப்பது என்று வெல்டர் கேட்கவில்லை. கேட்பதை நிறுத்தியிருந்தார்.

"நாலு பேர் தள்ளணும்" என்றார் பரிசோதகர். வெல்டர், பல் டாக்டர், காவலாளி, கோப்பு தூக்குகிற ஆள் என்று நாலு பேர் சேர்ந்தார்கள். பரிசோதகர் கையில் ஒரு ஸ்டாப்வாட்ச். தரையில் இருபது மீட்டருக்குக் கோடு. தள்ளினார்கள். பதினெட்டு விநாடி.

"மணிக்கு நாலு கிலோமீட்டர்" என்று பரிசோதகர் கணக்குப் போட்டார். "நாலு ஆள் சேந்தா அரைக் குதிரை. வண்டிக்கு முந்நூறு குதிரை. அதாவது அறுநூறு மடங்கு. நாலு இன்ட்டு அறுநூறு, ரெண்டாயிரத்து நானூறு."

"மணிக்கு ரெண்டாயிரத்து நானூறா?"

"அவசரப்படாதீங்க. வயசுக்குக் கழிவு இருக்கு. வருஷத்துக்கு இருநூறு. பதினோரு வருஷம், ரெண்டாயிரத்து இருநூறு. கழிச்சா?" அவர் முகம் மலர்ந்தது. "இருநூறு! சரியா இருநூறு கிலோமீட்டர். வண்டிப் புத்தகத்துல என்ன போட்டிருக்கு? இருநூறு! பாத்தீங்களா, இந்த முறை தப்பவே தப்பாது."

வெல்டரின் கவனம் வேறெங்கோ இருந்தது. பக்கவாட்டில் குனிந்து, கதவுக்குக் கீழே உள்ள விளிம்பில் கை கொடுத்துத் தள்ளியபோது அவருடைய கட்டைவிரல் எதன் மேலோ ஏறி இறங்கியிருந்தது. நூல் கனம்தான். தேய்த்து, பூசி, மேலே பெயின்ட் அடித்திருந்தது. கண்ணுக்குத் தெரியாது. ஆனால் இருபத்தாறு வருடத்துக் கட்டைவிரல். அவர் அந்தப் பக்கம் போய் அதே இடத்தில் தடவினார். அங்கேயும் இருந்தது.

"சார், இது ஒரு வண்டி இல்ல" என்றார். "ரெண்டு வண்டி. முன்பாதி ஒண்ணு, பின்பாதி ஒண்ணு. ரெண்டும் அடிபட்ட வண்டியா இருக்கும். நல்ல பாதிய மட்டும் வெட்டி ஒட்டியிருக்கான். ஒட்டினவன் கையும் சரியில்ல. வேகமாப் போகும்போது ஒரு குழில எறங்கினா பிரிஞ்சுடும்."

பல் டாக்டர் தலையில் கை வைத்தார். "எனக்குத் தெரியவே தெரியாதுங்க! ரெண்டு வண்டியவா ஒரு வண்டின்னு சொல்லி வித்துக்கிட்டிருந்தேன்?" அவருக்கு உண்மையிலேயே நஷ்டப்பட்டது போல இருந்தது.

பரிசோதகர் படிவத்தைப் புரட்டினார். முன்னால் புரட்டினார், பின்னால் புரட்டினார்.

"இது எத்தனாவது கட்டத்துல வருது?"

"கட்டம் தெரியாது சார். இங்க, கதவுக்குக் கீழ வருது."

"முதல் கட்டம், வண்டிகளின் எண்ணிக்கை. 'ஒன்று'ன்னு எழுதியாச்சு. மை காஞ்சுடுச்சு. இப்ப ரெண்டுன்னா ரெண்டு விண்ணப்பம். முன்பாதிக்கு ஒருத்தர் விக்கணும், பின்பாதிக்கு ஒருத்தர் விக்கணும். பின்பாதிக்கு ஸ்டீரிங் இல்லாததால அது வண்டியே இல்லைன்னு ஆகும். நீங்க தலைமைப் பரிசோதகரப் பாத்துடுங்க."

தலைமைப் பரிசோதகரைப் பார்க்க இன்னொரு லீவு நாள் போனது. பெரிய அறை, பெரிய மேசை. மேசையின் மேல் ஒரு பொம்மைக் கார் இருந்தது. சக்கரங்களுக்கு அடியில் மரத்துண்டு வைத்து நகராமல் செய்திருந்தார்கள். தலைமை சதைப்பிடிப்பான மனிதர். நிதானமாகப் பேசினார்.

"உக்காருங்க. இந்த வாரியம் ஏன் வந்துச்சு தெரியுமா? ஒரு காலத்துல வண்டி வாங்கறவனே வண்டியப் பாத்து வாங்கிட்டிருந்தான். எவ்வளவு காட்டுமிராண்டித்தனம் பாருங்க! கண்ணு இருக்கறவன் கண்டதையும் பாத்தான். அதத் தடுக்கத்தான் நாங்க வந்தோம். பத்தொன்பது வருஷமாச்சு. நாங்க சான்று குடுத்த ஒரு வண்டியாவது இந்தக் கேட்டுக்குள்ள மோதியிருக்கா? ஒரு டயராவது இந்தக் கூரைக்கு அடியில வெடிச்சிருக்கா? நீங்களே சொல்லுங்க."

"கேட்டுக்கு வெளிய சார்?"

"வெளிய நடக்கறத நாங்க எண்ணறதில்ல. எண்ண ஆரம்பிச்சா சாதனை கொறைஞ்சுடும்னு எனக்கு முன்னாடி இருந்தவர் தெளிவா எழுதி வச்சிட்டுப் போயிருக்கார். பெரிய மனுஷன். அவருக்கும் வண்டி ஓட்டத் தெரியாது, எனக்கும் தெரியாது. ஓட்டத் தெரிஞ்சவனுக்கு வண்டி மேல ஒரு பாசம் வந்துடும். பாசம் வந்தா நேர்மை போயிடும். சரி, ஏதோ ஒட்டியிருக்குன்னு சொன்னீங்களாமே?"

"ஆமா சார். நான் இருபத்தாறு வருஷமா அந்த வேலைதான் செய்யறேன். கை வச்சா தெரியும்."

தலைமை முன்னால் சாய்ந்தார். குரல் இரக்கமாக மாறியது. "அப்ப நீங்க நிபுணர். விதி பதினேழுப்படி வாங்கறவர் நிபுணரா இருக்கக் கூடாது. அனுபவம் இருக்குன்னு எழுதிக் குடுத்தீங்கன்னா விண்ணப்பம் தள்ளுபடி. இல்லைன்னு எழுதிக் குடுத்தீங்கன்னா நீங்க சொன்னதுக்கு மதிப்பில்ல. எது வேணும்? ரெண்டுக்கும் படிவம் இருக்கு."

வெல்டர் தன் கைகளைப் பார்த்தார். தீப்பொறி பட்டுப் பட்டு, மணிக்கட்டு வரைக்கும் புள்ளி புள்ளியாக இருந்தன. 'வெல்டிங்கில் எனக்கு அனுபவம் எதுவும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் கிரேன் டிரைவர் கேட்டுவிட்டு வாயில் கை வைத்தார். "ரெண்டா வெட்டி ஒட்டினதுன்னு தெரிஞ்சும் வாங்கப் போறியா? உனக்கு மண்டை கழண்டுடுச்சாய்யா?"

"நான் பிரிச்சுட்டுத் திரும்ப ஒட்டிக்குவேன். உள்பக்கம் நல்ல பட்டை வச்சு ஒட்டினா பாறை மாதிரி நிக்கும்."

"அது பாய்லர் இல்லய்யா. பறக்கிற வண்டி."

"எதுவா இருந்தா என்ன? என் கை ஒட்டினது இதுவரைக்கும் பிரிஞ்சதில்ல."

கிரேன் டிரைவர் பீடி பற்ற வைத்துக்கொண்டார்.

ஐந்தாவது வாரம். நூற்றுத் தொண்ணூற்றெட்டாவது கட்டம்: 'பக்கத்து இருக்கை.'

"இது முக்கியமான கட்டம்" என்றார் பரிசோதகர். "வழக்கமா பக்கத்துல உக்காரப் போறவர் நேர்ல வரணும். அமர்வுச் சோதனை. ஓட்டறவரும் அவரும் முக்கால் மணி நேரம் வண்டில சேந்து உக்காரணும். உங்க பக்கத்து இருக்கையாளர் யாரு?"

"யாரும் இல்ல."

"காலி சீட்டோடயா ஓட்டப் போறீங்க?"

"ஆமா."

"காலியா இருக்கிற சீட்டுக்குச் சான்று தர முடியாதே. அப்ப நீங்க ஆளில்லாச் சான்று வாங்கிட்டு வந்துடுங்க. உங்களுக்கு யாரும் இல்லைன்னு, உங்கள நல்லாத் தெரிஞ்ச ரெண்டு பேர் கையெழுத்துப் போடணும்."

வெல்டர் யோசித்தார். "நல்லாத் தெரிஞ்ச ரெண்டு பேரா?"

"ஆனா ஒண்ணு. அப்படி ரெண்டு பேர் கெடச்சுட்டா உங்களுக்கு ஆள் இருக்குன்னு ஆயிடும். சான்று கெடைக்காது."

"கெடைக்கலைன்னா?"

"சாட்சி இல்லாம எப்படித் தர்றது?"

"இதுவரைக்கும் இத யாராவது வாங்கியிருக்காங்களா சார்?"

"ஒருத்தர் கிட்டத்தட்ட வாங்கிட்டார். வரிசைல பக்கத்துல நின்ன அம்மாவக் கல்யாணம் பண்ணிக்கிட்டார். தள்ளுபடி பண்ணிட்டோம்."

வெல்டர் முதலில் கிரேன் டிரைவரைக் கேட்டுப் பார்த்தார். அவர் பதறிவிட்டார். "வழக்கமா ஒன் பக்கத்துல உக்காருவேன்னு முத்திரை குத்தி எழுதிக் குடுக்கணுமா? என் வீட்டுக்காரி பாத்தான்னா நான் எங்கய்யா உக்காருவேன்?"

வேறு யாரைக் கேட்பது? வீட்டுக் கூடம் முழுக்கத் தேடினார். நாற்காலி இருந்தது, பாத்திரம் இருந்தது, மனைவியின் குடை இருந்தது. இரண்டு நாள் போனைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருந்துவிட்டு, மூன்றாம் நாள் மகளுக்குப் போட்டார்.

"ஹலோ."

"நாந்தான்."

"தெரியுது. என்ன, உடம்பு சரியில்லையா?"

"நல்லா இருக்கேன். நீ ஒரு கார்ல வந்து உக்காரணும். முக்கால் மணி நேரம்."

"எங்க போறதுக்கு?"

"எங்கயும் போகாது. நின்னுக்கிட்டே இருக்கும்."

அந்தப் பக்கம் துணி வெளுக்கும் இயந்திரம் சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அப்பா, நீ குடிக்க ஆரம்பிச்சிட்டியா?"

"சே சே. வாரியத்துல கேக்கறாங்க. பக்கத்து இருக்கையாளர் வேணுமாம்."

"இந்த வயசுல எதுக்கு உனக்கு ரெண்டு சீட்டு காரு?"

உன்னைப் பார்க்க வரத்தான் என்று சொல்லியிருக்கலாம். "சும்மா, போக வர" என்றார்.

"எனக்கெல்லாம் லீவு கெடைக்காது. பாக்கறேன்" என்று வைத்துவிட்டாள்.

'பாக்கறேன்' என்றால் வர மாட்டேன் என்று அர்த்தம். வெல்டர் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். ஆனாலும் மகளின் விலாசத்தைப் பரிசோதகரிடம் எழுதிக் கொடுத்தார். வாரியம் தன் கடமையைச் செய்தது: நாலு முத்திரைகளோடு ஓர் அழைப்பாணையை அனுப்பி வைத்தது.

ஏழாவது வார லீவு நாள் காலையில் பஸ்ஸிலிருந்து அவள் இறங்கினாள். இளைத்திருந்தாள். சலவைச் சோடா பட்டு விரல் நுனிகள் வெளுத்திருந்தன. இருவரும் எதிரெதிரே நின்றார்கள். வெல்டர் அவள் பையை வாங்கிக்கொண்டார்.

"லீவு குடுத்தானா சூப்பர்வைசரு?"

"அப்பாவப் பாக்கப் போகணும்னு மூணு வருஷத்துல ரெண்டு தடவ கேட்டேன். ஆள் இல்லைன்னு சொல்லிட்டான். இப்ப இந்தக் கடுதாசிய நீட்டினேன். முத்திரையப் பாத்ததும் எழுந்து நின்னுட்டான். சம்பளத்தோட லீவு."

வெல்டருக்கு அதில் 'ரெண்டு தடவ' என்பது மட்டும்தான் கேட்டது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாரியத்தைப் பார்த்து நடந்தார்.

தகரக் கூரைக்குக் கீழே வண்டியின் மேல் ஐந்து வாரத் தூசி. காற்று இறங்கிப் போன ஒரு டயரின் பக்கத்தில் ஒரு பூனை படுத்திருந்தது. பரிசோதகர் கயிற்றை அவிழ்த்து இருவரையும் உட்கார வைத்தார். கதவைச் சாத்தினார். ஜன்னல் கண்ணாடி பாதி திறந்திருந்தது.

"பயணத்துல எப்படி இருப்பீங்களோ அப்படியே இருக்கணும். நேராப் பாக்கணும். உரையாடலுக்கும் ஒரு கட்டம் இருக்கு, உண்டா இல்லையான்னு எழுதணும். ஆரம்பிக்கலாம்."

ஸ்டாப்வாட்ச் ஓடத் தொடங்கியது. எதிரே ஒரு சுண்ணாம்புச் சுவர். அப்பாவும் மகளும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து நிமிஷம் போனது. பத்து நிமிஷம் போனது. வெல்டர் ஸ்டீரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தார், வளைவு ஏதாவது வந்துவிடும் என்பதுபோல.

"உரையாடல் இல்லைன்னு எழுதட்டுமா?" என்றார் பரிசோதகர் வெளியிலிருந்து.

"இருங்க சார்" என்றாள் மகள். பிறகு, சுவரைப் பார்த்தபடியே, "அம்மா செத்த மூணாம் நாள் நீ பாட்டுக்கு வேலைக்குக் கெளம்பிப் போயிட்ட" என்றாள்.

"ஆமா."

"நான் தனியா உக்காந்திருந்தேன். வீடு பூரா அவ துணி."

"வீட்ல இருக்க முடியலம்மா. அங்க போனா சத்தமாவது இருந்துச்சு. முகமூடியக் கவுத்துக்கிட்டா அழுதாலும் ஒருத்தனுக்கும் தெரியாது."

அவள் அவர் பக்கம் திரும்பினாள். "நேராப் பாக்கணும்" என்றார் பரிசோதகர். திரும்பச் சுவரைப் பார்த்தாள்.

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கலாம்."

பிறகு அவர், "கால அப்படி ஊனி வைக்காத" என்றார். "அதுக்கு அடியிலதான் ஒட்டு இருக்கு. இது ரெண்டு வண்டிய வெட்டி ஒட்டினது."

அவள் காலைத் தூக்கிக்கொண்டாள். "அப்ப நீ ஒரு வண்டில, நான் ஒரு வண்டிலயா?"

"இல்ல. முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. நாம ரெண்டு பேரும் கோட்டு மேல உக்காந்திருக்கோம்."

"இத வாங்கி எங்கதான் போகப் போற?"

"உன்னப் பாக்க வரலாம்னுதான். பஸ்ஸுல வந்தா ரெண்டு மணி நேரம்தான் மிச்சம். இதுல வந்தா பதினாலு."

மகளுக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று நேராகப் பார்த்துக்கொண்டிருந்த வெல்டருக்குத் தெரியவில்லை.

"இதுலயா? நடுவழில பாதி வண்டி மட்டும் என் வீட்டுக்கு வந்து நிக்கறதுக்கா? ஒண்ணும் வேணாம். நீ அங்க வர்ற வரைக்கும் நான் உசுரக் கைல பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கணும்."

"நான் திரும்ப ஒட்டிக்குவேன்மா."

"நீ ஒட்டிக் கிழிச்ச."

ஆனால் அவள் குரலில் காரம் இல்லை. மிச்ச நேரத்தில் அவள் துணி வெளுக்கிற இடத்தைப் பற்றிச் சொன்னாள். போர்வைக்குள் வரும் சாமான்களைப் பற்றி, கண்ணாடி, பல் செட்டு, ஒருதரம் ஒரு கடிகாரம். வெல்டர் பல் டாக்டர் ஹாரன் அடித்ததைச் சொன்னார். செய்தும் காட்டினார். பூனை எழுந்து ஓடியது. பரிசோதகர் அபராதச் சீட்டைத் தேடினார், கிடைக்கவில்லை.

"நேரம் முடிஞ்சுது" என்று அவர் ஸ்டாப்வாட்ச்சை அமுக்கினார். "கடைசிக் கட்டம். பக்கத்து இருக்கையில குறை எதுவும் உண்டா? இல்லைன்னு சொல்லிட்டீங்கன்னா சான்று தயாரா இருக்கு, சாயங்காலமே வண்டிய எடுத்துட்டுப் போயிடலாம்."

வெல்டர் "இல்" என்று ஆரம்பித்தார்.

"குறை இருந்தா என்ன சார் பண்ணுவீங்க?" என்றாள் மகள்.

"அடுத்த மாசம் மறுசோதனை. ரெண்டு பேரும் நேர்ல வரணும். குறை தீர்ற வரைக்கும் மாசாமாசம் வரணும், வேற வழியில்ல."

அவள் சீட்டின் இரண்டு பக்கமும் கையை ஊன்றி ஓர் ஆட்டு ஆட்டினாள். சீட்டு அசையவில்லை. இருபத்தாறு வருடம் இரும்போடு கிடந்த மனிதருக்குத் தெரியாதா, அது நாலு போல்ட்டும் இறுகிக் கல் மாதிரி நிற்கிற சீட்டு.

"ஆடுது சார்" என்றாள்.

பரிசோதகர் வெல்டரைப் பார்த்தார். "விண்ணப்பதாரர் என்ன சொல்றீங்க?"

வெல்டர் சுவரை விட்டுக் கண்ணை எடுத்து, முதல் தடவையாகப் பக்கத்தில் திரும்பிப் பார்த்தார்.

"ஆமா சார். பயங்கரமா ஆடுது."

"எந்தப் பக்கம்?"

"இந்தப் பக்கம்" என்றாள் மகள்.

"அந்தப் பக்கம்" என்றார் அப்பா.

பரிசோதகர் இரண்டையும் எழுதிக்கொண்டு, அடுத்த மாதத்துத் தேதியைக் குறித்தார். வெல்டர் கதவைத் திறந்து இறங்கினார். மகள் இறங்கவில்லை. ஜன்னல் வழியாகக் கையை மட்டும் வெளியே நீட்டினாள்.

"அழைப்பாணைய இப்பவே குடுத்துடுங்க சார். முத்திரை நல்லா அழுந்தி விழணும்."